மொழிக்கு விட்ட கம்பி

புளியங்குடி தாண்டிவிட்டேன் என்று தங்கை போனில் சொன்ன நிமிஷத்திலிருந்து உலகம்மாளுக்குக் கையில் வேலை ஓடவில்லை. தேங்காய்த் துருவல் சிரட்டை வரைக்கும் போய்க் கறுப்புத் தூள் கலந்துவிட்டது. சொதிக்கு அது ஆகாது, இன்னொரு மூடியை எடுக்க வேண்டியதாயிற்று. மேற்கே மலையை மேகம் மூடி ஆனிச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அடுப்படி ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் அடுப்பில் தீ நிற்க மாட்டேன் என்கிறது. "உக்காந்துதான் வாரேன்க்கா, சன்னலோரத்துல எடம் கெடச்சுட்டு" என்று மொழி சொன்னாள், அவ்வளவுதான். குரலில் வேறொன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாததையே உலகம்மாள் வெங்காயம் உரிப்பதுபோல உரித்து உரித்துப் பார்த்தாள். சாதாரணமாகத்தான் பேசினாள், தெரிந்திருந்தால் இப்படிப் பேசுவாளா, தெரியாததால்தான் பேசினாள், தெரியாமல் வருகிறவளிடம் எப்படிச் சொல்வது, சொல்லாமல் எப்படி முகத்தைப் பார்ப்பது, இதற்குள் பஸ் சொக்கம்பட்டிக்கு வந்திருக்கும். குழல்வாய்மொழி என்பது முழுப்பெயர். பெரியவளுக்குத் தென்காசி அம்மன் பெயர், சின்னவளுக்குக் குற்றாலத்து அம்மன் பெயர் என்று வைத்த அப்பா, இரண்டு ஊருக்கும் நடுவே மேலகரத்தில் மனை வாங்கி வீடு கட்டினார். கீழ்வீடு பெரியவளுக்கு, மேலே கட்டப்போவது சின்னவளுக்கு என்று வாயாலேயே பாகமும் பிரித்து வைத்தார். அம்மன்கள் அவரவர் கோயிலில் இருந்துகொள்கிறார்கள், அவர்களுக்குள் ஒரு பேச்சு இல்லை. மனுஷிகளுக்குத்தான் வீடும் போதவில்லை, மொட்டை மாடியும் போதவில்லை.

மொழி வருவது ஒரு கையெழுத்துக்காக. முன்னறையில் உலகம்மாளின் கணவர் பால்வண்ணம் காகிதங்களைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தார். கூட்டுறவுப் பண்டகசாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஓய்வு பெற்றதிலிருந்து வெயிலைக் கண்டால் வீணாய்ப் போகிறதே என்று அங்கலாய்க்கத் தொடங்கிவிட்டார். சாரல் ஊரில் இருந்துகொண்டு சூரியனுக்கு ஆசைப்பட்ட மனுஷன் ஜில்லாவிலேயே அவர் ஒருத்தராகத்தான் இருக்கும். அமெரிக்காவில் இருக்கிற கூட்டாளி மகன், மாடியில் சோலார் போட்டால் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று சொன்னானாம். அதை நம்பி ஆடிட்டரிடம் போய், "அது அந்த ஊர்ல சார், இங்க மானியம்தான்" என்று அவர் சிரித்ததில் கொஞ்சம் கூசித் திரும்பினார். ஆனால் மானியம் என்ற சொல் அவரை விடவில்லை. பேனல் வந்தது, பொருத்தியாயிற்று, அதிகாரி வந்து பார்த்தாயிற்று, பேனலுக்குப் பக்கத்தில் வீட்டுக்காரர் நிற்கிற போட்டோ கேட்டார்கள், புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்று அதுவும் எடுத்தாயிற்று. மானியம் மட்டும் வரவில்லை. மின் இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவர் கணக்குக்குத்தான் வருமாம், இணைப்பு அப்பா பேரில் இருக்கிறது. செத்துப்போய் இத்தனை வருஷம் ஆகியும் அப்பா தவறாமல் கரண்ட் பில் கட்டிக்கொண்டுதான் இருந்தார், அது யாருக்கும் உறுத்தவில்லை. இப்போது பெயர் மாற்ற வேண்டும் என்றால் இன்னொரு வாரிசு, எனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பால்வண்ணம் போன் செய்து கேட்டபோது மொழி யோசிக்கக்கூட இல்லை, "அதுக்கென்ன அத்தான், நேர்லயே வந்து போட்டுத் தாரேன்" என்றாள். ஆட்சேபணை இல்லை. உலகம்மாள் தேங்காயை அரைக்கிறாள், ஆட்சேபணை இல்லை. முதல் பாலைப் பிழிந்து தனியே வைக்கிறாள், ஆட்சேபணை இல்லை. மனசுக்குள் யாரோ ரப்பர் ஸ்டாம்ப் குத்துகிற மாதிரி அது குத்திக்கொண்டே இருந்தது. எதற்கு ஆட்சேபணை இல்லை என்று தெரிந்தா அவள் போடப்போகிறாள்.

ஏனென்றால் கம்பி. எங்கே சுற்றினாலும் கம்பியில்தான் வந்து சேலை மாட்டுகிறது. அப்பா வீடு கட்டும்போது தூண் கம்பிகளை மேலே நீட்டி விட்டிருந்தார், நாளைக்கு மாடி எழுப்ப வசதியாக. ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான், மொட்டை மாடியைப் பார்த்தாலே அந்த வீட்டுக்காரனுக்கு இன்னும் எத்தனை ஆசை பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிடலாம். "இது மொழிக்கு விட்ட கம்பி" என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டுவார். மொழிக்கு வரன்கள் வந்தன, நின்றன, பிறகு வரவில்லை. அவள் கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் விடுதியில் வார்டனாகப் போனாள். ஒரு கட்டில், ஒரு அலமாரி, கதவைத் தட்டுகிற பிள்ளைகள் என்று வயது போய்விட்டது. ஆனால் இங்கே வரும்போதெல்லாம் முதல் வேலையாக மாடிக்குப் போவாள். பழைய பெயிண்ட் டப்பாவில் கொஞ்சம் சிமெண்டைத் தண்ணீரில் பால் மாதிரிக் கரைத்து, தேய்ந்த பிரஷ்ஷால் ஒவ்வொரு கம்பிக்கும் மேலிருந்து கீழாகப் பூசுவாள். சாரல் ஊர், பூசாவிட்டால் துரு தின்றுவிடும். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டூலில் ஏறி நின்று, பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிறவள் மாதிரி இண்டு இடுக்கு விடாமல் பூசுவாள். "உன் வீடு தலைமுடி நரைச்சுப் போய் நிக்குட்டி" என்று உலகம்மாள் கீழேயிருந்து கேலி செய்வாள். "நான் நரைக்கதுக்குள்ள கட்டிருதேன்க்கா" என்று மேலேயிருந்து பதில் வரும். அடுத்த வருஷம் அவளுக்கு ஓய்வு. ஒரே ஒரு ரூம், ஒரு அடுப்படி, தனிப் படி, போதும்க்கா என்று போன பொங்கலுக்குக்கூடச் சொன்னாள். சொன்னபோது உலகம்மாள் என்ன செய்தாள். பாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பொங்கிவிடக் கூடாது என்று. சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

முருங்கைக்காய், உருளை, பீன்ஸ், வேகவைத்த பாசிப்பருப்பு, இரண்டாம் பாலில் எல்லாம் கொதித்துக்கொண்டிருந்தது. கடையநல்லூரில் பஸ் கொஞ்ச நேரம் நிற்கும். அங்கே டீ குடிக்க இறங்க மாட்டாள், அவளுக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, பசியோடுதான் வருவாள். சோலார் காண்ட்ராக்டர்தான் முதலில் சொன்னது, கம்பி நிழல் பேனலில் விழும் என்று. ஆகவே காரணம் காண்ட்ராக்டர். இல்லை, அவர் இரண்டு வழி சொன்னார். ஸ்டாண்டை உயரமாகத் தூக்கிப் போட்டால் கம்பியைத் தொட வேண்டாம், செலவு கொஞ்சம் கூடும், வெட்டினால் சுளுவு. செலவு என்றதும் பால்வண்ணம் முகம் சுருங்கியது. ஆகவே பால்வண்ணம். அதுவும் இல்லை. அவர் படியில் பாதி இறங்கி வந்து, "உலகு, என்ன செய்ய, மொழிட்ட ஒரு வார்த்த கேட்டுருவமா, இல்ல தூக்கியே போடச் சொல்லவா" என்றுதான் கேட்டார். அவருக்கு அந்த அளவு ஈரம் இருந்தது. அப்போதும் உலகம்மாள் இதே அடுப்படியில்தான் நின்றாள், கையில் அரிவாள்மணையில் நறுக்கிய கீரையோ என்னவோ. "வெட்டச் சொல்லுங்க" என்றாள். அவர் இன்னும் நின்றார். "துருப்பிடிச்ச கம்பிதான, வெட்டட்டும்" என்றாள். துருப்பிடிக்கவில்லை. தங்கச்சி ஒரு பொட்டுத் துரு ஏற விடவில்லை, அது அவளுக்குத் தெரியும். அப்புறம் மேலே மெஷின் வைத்தார்கள். அந்தக் கிரீச்சல் கூரை வழியாக இறங்கிப் பல்லில் பட்டது. படியேறிப் பார்த்தபோது கம்பியிலிருந்து பொறி பறந்தது, இரும்பு கருகுகிற நாற்றம். மேலே பூசிய சிமெண்டு ஏடு ஏடாய் உதிர்ந்தது, ஒவ்வொரு ஏடும் மொழி வந்த ஒவ்வொரு லீவு. நிறுத்துங்க என்று ஒரு சொல் சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. ஒரு கம்பிதான் விழுந்திருந்தது. அவள் வாயைத் திறக்காமல் இறங்கி வந்தாள், அடுத்த கம்பிக்கு மெஷின் மாறுகிற சத்தம் கேட்டது. பேனலுக்கு இருபத்தைந்து வருஷம் ஆயுள் என்று காண்ட்ராக்டர் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார். இருபத்தைந்து வருஷம் கழித்து மொழி எங்கே, தான் எங்கே.

ஏன் சொன்னோம் என்று கேட்டால் பதில் இருக்கிறது, அதைத் தொடத்தான் பிடிக்கவில்லை. அடுப்பைத் தணித்தாள், கரண்டியைக் கழுவினாள், கழுவியதையே கழுவினாள். அம்மா படுத்த படுக்கையாக இருந்த காலம். அள்ளியது, துடைத்தது, புரட்டிப் போட்டது, ராத்திரி எழுந்தது எல்லாம் உலகம்மாள். மொழி லீவு போட்டுக் கொஞ்ச நாள் வருவாள். அவள் வந்தால் அம்மா முகம் மாறிவிடும். அவள் ஊட்டினால் ரெண்டு வாய் கூடுதலாக உண்பாள், அவள் போனபின் வாசலையே பார்த்தபடி, "மொழி வந்தாச்சா" என்பாள். கஞ்சிக் கிண்ணத்தோடு எதிரில் நிற்கிறவளிடமே கேட்பாள். கடைசியிலும் அந்தப் பெயர்தான். மொழி அதற்கு என்ன செய்வாள், பாவம், அவள் யாரிடமும் எதையும் தட்டிப் பறித்தவள் இல்லை. வந்தால் அடுப்படியில் டப்பாக்களைத் துடைத்து அடுக்குவாள், அத்தானோடு அரட்டை அடிப்பாள், வீடு கலகலவென்று இருக்கும், அவள் போனதும் வீடு விடிந்த கல்யாண வீடாகிவிடும். பால்வண்ணம் கூட, மொழி இருந்தா நேரம் போறதே தெரியல என்பார். அவள் மேலேயே வந்து இருந்துவிட்டால். தினமும் படியில் அவள் செருப்புச் சத்தம், தினமும் அந்தக் கலகலப்பு, அதில் தான் மட்டும் கஞ்சிக் கிண்ணத்தோடு நிற்கிறவளாக. இதுதான். இவ்வளவு சின்ன விஷயம்தான். இதை வெளியே எடுத்து வைத்துப் பார்த்தால் உலகம்மாளுக்கே வெட்கமாக இருந்தது. இதற்காகவா ஒருத்தி தலைக்கு மேல் இருந்ததை வெட்டினாய் என்று கேட்டால் ஆமாம் என்று சொல்ல நாக்கு எழுமா. அடுத்தவர் சொத்தைப் பிடுங்கினவன்கூட ஆசைப்பட்டுப் பிடுங்கினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். தனக்கு அந்த மாடி வேண்டவும் வேண்டாம், அவளுக்கு இல்லாமல் போனால் போதும் என்றிருந்தது.

இப்போது இல்லை. அதுதான் வேடிக்கை. மெஷின் நின்ற அன்றே அந்த எண்ணம் செத்துவிட்டது. வெட்டியதும் நிம்மதி வரும் என்று பார்த்தாள், வந்தது வேறு. சாயங்காலம் மாடிக்குப் போனால் கறுப்புக் கண்ணாடி வரிசையில் வானம்தான் தெரிந்தது. தூண் முடிகிற இடங்களில் கம்பியின் மொட்டை முனைகள் தரையோடு தரையாக, காலில் குத்திவிடும் என்று பால்வண்ணம் மேலே சிமெண்டு பூசி மூடியிருந்தார். மொழி ஓய்வு பெற்று எங்கே போவாள் என்ற கேள்வி அப்போதுதான் முதல்முதலாக வந்தது, வெட்டுவதற்கு முன்னால் வந்திருக்க வேண்டிய கேள்வி. தினமும் போனை எடுப்பாள். ஏட்டி, இப்படி ஆகிப்போச்சு. இல்லை, ஆகிப்போச்சு என்றால் தானாக ஆனதாகிவிடும். ஏட்டி, அத்தான் செலவுக்கு யோசிச்சாரு. அது பொய். ஏட்டி, நான். அங்கேயே நின்றுவிடும். நான் என்பதற்கு அப்புறம் வரவேண்டிய சொல் எந்தச் சாமிக்குப் பயந்தோ வெளியே வராது. சாப்பிட்டியா, அங்க மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். இன்றைக்கு மொழி வந்ததும் மாடிக்குப் போவாள். அதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும், கையெழுத்துக்கு முன்னாலேயா பின்னாலேயா. முன்னால் சொன்னால் போடாமல் போய்விடுவாளோ, பால்வண்ணம் என்ன ஆவார். பின்னால் சொன்னால் அது ஏமாற்று. மாடிக் கதவைப் பூட்டிவிட்டு, சாவியைக் காணோம் என்றால். ஈரக்கையோடு போய்ப் பூட்டை எடுத்தும் விட்டாள். படியில் நின்றாள். அறுபதைத் தொட்ட பொம்பளை அப்பன் வீட்டுப் படியில் திருடி மாதிரி நிற்கிறோமே என்று இருந்தது. பூட்டை இருந்த ஆணியிலேயே மாட்டிவிட்டு இறங்கினாள். முதல் பாலை ஊற்றி அடுப்பை அணைக்க வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். ஊற்றினாள், நுரை கூடும்போது அணைத்தாள், எலுமிச்சம்பழம் பிழிந்தாள். அது ஒன்று மட்டும் இன்றைக்குச் சரியாக வந்தது.

வாசலில் ஆட்டோ நின்றது. "வா மொழி, நனைஞ்சிட்டியா" என்று பால்வண்ணம் குடையோடு ஓடினார். மொழி சின்னப் பையோடு வந்தாள், காதோரம் போன தடவைக்கு இந்தத் தடவை வெள்ளை கூடியிருந்தது. "சாரல்தான அத்தான், இதுல நனையாட்டா எங்க நனைய" என்றாள். அக்காவின் கையைப் பிடித்தாள், ஈரக்கை. உலகம்மாள் அவள் கண்ணைப் பார்க்காமல் பையை வாங்கிக்கொண்டாள். மொழி மாடிப் பக்கம் திரும்பவில்லை. கால் கழுவி, தலை துவட்டி, நேராகக் கூடத்தில் வந்து உட்கார்ந்து, "எங்கெங்க போடணும் அத்தான், காட்டுங்க" என்றாள்.

சொல்லிவிடு என்று உலகம்மாள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பால்வண்ணம் விரலால் காட்டக் காட்ட மொழி போட்டுக்கொண்டே போனாள், விடுதிப் பிள்ளைகளின் லீவுச் சீட்டுகளில் போட்டுப் போட்டுப் பழகிய கை. "தேதி போடணுமா" என்று கேட்டு அதையும் போட்டாள். முடிந்துவிட்டது. பால்வண்ணம் காகிதத்தை ஊதிக் காயவைத்தபடி, "இனி மானியம் வந்துரும். மேல வந்து பாரேன், எப்படி இருக்குன்னு" என்றார்.

"நீங்கதான் எடுத்த அன்னைக்கே போட்டோ அனுப்பினியளே அத்தான்" என்றாள் மொழி. "பக்கத்துல புதுச்சட்டை போட்டுக்கிட்டு நின்னிய."

"அனுப்புனேன்லா" என்று அவர் சிரித்தார். நகல் எடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று குடையை எடுத்துக்கொண்டு போனார்.

அடுப்படியில் மொழி தட்டோடு உட்கார்ந்தாள். உலகம்மாள் சோறு வைத்து, சொதியை ஊற்றி, இஞ்சித் துவையலை ஓரத்தில் வைத்தாள். மொழி பிசைந்து ஒரு வாய் எடுத்தாள்.

"போட்டோவுல பாத்தியாட்டி" என்றாள் உலகம்மாள்.

"பாத்தேன்."

"அப்பம் ஏன் ஒண்ணும் கேக்கல."

"நீ சொல்லுவன்னு இருந்தேன்க்கா. தினமும்தான பேசுதோம்."

உலகம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "உங்க அத்தான் இல்ல. நாந்தான் வெட்டச் சொன்னேன்."

"தெரியும். அத்தான் முருங்கைக் கொம்பை ஒடிக்கதுக்கே உங்கிட்ட கேட்டுட்டுத்தான ஒடிப்பாரு." அவள் சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றது. "நீ வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நானே வந்து நின்னு வெட்டச் சொல்லிருப்பேன்க்கா. இன்னைக்கு வந்து கையெழுத்துப் போடலயா."

உலகம்மாள் தரையில் தங்கைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் போனில் நின்றுபோன இடத்தைத் தாண்டி இன்றைக்கு நாக்கு எழுந்தது. "வந்துருட்டி" என்றாள். "கீழயே இரு. அந்தச் சின்ன ரூமை ஒழிச்சுத் தாரேன். எனக்கு நீ இங்க இருக்கணும்."

மொழி தலையைத் தூக்கிப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. முதல்முதலாக வீட்டை விட்டு வந்து விடுதியில் அழுகிற பிள்ளைகளை அவள் இப்படித்தான் பார்ப்பாளாக இருக்கும். இடது கையால் அக்காவின் முழங்காலைத் தொட்டாள்.

"கோயம்புத்தூர்லயே ஒரு டீச்சரம்மா வீட்டு மாடி காலியா இருந்துச்சு" என்றாள். "அட்வான்ஸ் குடுத்துட்டேன்க்கா."